இன்னொரு கீறல்

அமராவதிபுதூரில் ஜெசியின் வீட்டுக்குள் நுழைந்ததும் மருதுபாண்டி பதறிப்போனார். காரைக்குடியில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறவர் அவர். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி ஜெசி அச்சிட்டிருந்த இளைஞனின் முகத்தைப் போன வாரம் பார்த்ததுமே கண்காட்சிக்குக் கேட்டிருந்தார். இப்போது அதே பலகையில் அவள் மறுபடி உளியை வைத்திருந்தாள்.

"என்னக்கா பண்றீக? நல்லா இருந்த மொகத்தைக் கெடுக்குறீகளே! செதுக்குன எடத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

"முடியாது மருது. ஆனா இன்னும் சரியா வரலை."

கன்னத்தில் ஒரு கோடு கீறி அச்சிட்டுப் பார்த்தாள். போதவில்லை. தலைமுடியில் மெல்லிய கீறல்கள் இழுத்து மறுபடி அச்சிட்டாள். காகிதத்தில் அவை நரையாக வெளுத்து விழுந்தன.

"இப்படி இருந்தா கண்காட்சியில யாரு வாங்குவாகக்கா?"

"இது பஸ் ஸ்டாண்டுல ஒட்ட, மருது. என் தம்பி. காலேஜ் படிக்கிறப்பக் காணாமப் போனான். அப்ப எடுத்த போட்டோதான் இருக்கு. இப்ப அவனுக்கு நாப்பது வயசு. எதிர்ல வந்தா நாலு பேருக்கு அடையாளம் தெரியணும்ல?"

மருதுபாண்டி ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் நாப்பதுதான்க்கா. என்னையப் பார்த்துச் செதுக்குங்க."