பந்தய மீசை

"எடுத்துரட்டுமா?" என்று கேட்டார் சலூன்காரர் அம்மாசி, கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே.

கழுத்துவரை துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் வாசலைப் பார்த்தான்.

"அப்பா வரட்டும்."

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்து, நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள், மீசையை எடுக்க அப்பாவுக்காகக் காத்திருந்தான். எல்லாம் தேர்தல் செய்த வேலை.

எண்பதாம் வருஷம் அது. மாநில ஆட்சியைப் பாதியிலேயே கலைத்துவிட்டுத் தேர்தல் வைத்திருந்தார்கள். ஆட்சியை இழந்த கட்சி திரும்பி வரவே வராது என்றான் பெரியண்ணன். வந்தே தீரும் என்றான் மண்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அமிர்தராஜ். பேச்சு முற்றியது. டீ ஆறியது.

"உங்க ஆளுங்க மறுபடி ஆட்சிக்கு வந்தா என் மீசையை எடுத்துக்கறேன்" என்று பெரியண்ணன் கடைத்தெருவே கேட்கச் சொல்லிவிட்டான்.

"வராட்டி என்னுதை எடுத்துக்கறேண்ணே" என்றான் அமிர்தராஜ்.

சொன்ன நேரத்தில் பெரியண்ணனுக்குத் தன் மீசைதான் ஞாபகத்தில் இருந்தது. ஜீயபுரம் வீட்டில் அப்பா சின்னையா உயிரோடு இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. அவர்கள் வழக்கத்தில், அப்பன் போனால்தான் பிள்ளை மீசையை எடுப்பான்.

விஷயம் தெரிந்ததும் அவன் மனைவி வள்ளிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

"மழிச்ச மூஞ்சியோட நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினா, பின்னாடியே துக்கம் கேக்க நாலு பேர் வந்துருவாங்க. மாமா அவங்க எதிர்லயே உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிட்டிருப்பாரு. நான் யாரை நெனச்சு அழறது?"

சின்னையா அதைக் கேட்டுக்கொண்டேதான் கஞ்சி குடித்தார். தேர்தல் சமயத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிற வழக்கமே இல்லை. பிள்ளைக்கு ஒரு கட்சி, அவருக்கு ஒரு கட்சி. ஆட்சியை இழந்த அந்தக் கட்சி ஆரம்பித்த நாளிலிருந்து ஜீயபுரத்தில் அதற்குக் கொடி கட்டுகிறவர் அவர். ஆட்சி கலைந்த அன்று வீட்டில் அடுப்பே மூட்டவிடவில்லை.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கும் மனிதர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கேட்டதற்கு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

இப்போது ரேடியோ சொல்லிவிட்டது. ஆட்சியை இழந்த கட்சியே மறுபடி பிடித்துவிட்டது. மார்க்கெட்டில் வெடித்த வெடியில் அமிர்தராஜ் கடைக் கண்ணாடிக் கிளாஸெல்லாம் ஆடின. ஆனால் ஜெயித்த அமிர்தராஜ் முகத்தில்தான் களையே இல்லை.

"விட்டுரலாம்ணே. வீட்ல பெரியவர் இருக்காரு. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"சொன்னது சொன்னதுதான்" என்றான் பெரியண்ணன். இன்றைக்குப் பின்வாங்கினால் நாளைக்கு மண்டியில் அவன் பேச்சை எவன் மதிப்பான்?

கடைசியில் கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்பா வந்து ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லட்டும். மீசையும் தப்பும், அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை என்ற பேரும் கிடைக்கும். உடனே ஜீயபுரம் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

பெரியண்ணனுக்கு உள்ளூர நிம்மதி. எந்த அப்பன் சரியென்று சொல்வான்?

சின்னையா வந்து சேர்ந்தார். தோளில் கட்சித் துண்டு, கையில் கற்கண்டுப் பொட்டலம். சலூனில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். அவர் வாயில் மட்டும் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

பெரியண்ணன் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தான். "அப்பா, மீசையை..."

"நாலு பேருக்கு முன்னால சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப எடுத்துரு."

முறைக்குக் காத்திருந்த ஒருவர், "பெத்த பிள்ளையைவிடக் கட்சி பெருசாப் போச்சு பாருங்க" என்று முணுமுணுத்தார்.

மீசை போனால் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். பெற்ற அப்பாவே தன் தோல்வியை நின்று வேடிக்கை பார்ப்பதைத்தான் பெரியண்ணனால் தாங்க முடியவில்லை.

"எடுங்க அம்மாசி" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"கொஞ்சம் இருப்பா" என்றது அப்பாவின் குரல்.

கண்ணைத் திறந்து பார்த்தான். சின்னையா கட்சித் துண்டை உதறி, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தார். முறுக்கிவிட்ட தன் நரைமீசையைத் தொட்டுக்காட்டினார்.

"மொதல்ல இதை எடு."

அம்மாசி விழித்தார். பெரியவருக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்து, அமிர்தராஜ் பக்கத்தில் வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

"ஐயா, ஜெயிச்சது உங்க கட்சிங்க. தோத்தவங்கதான் எடுக்கணும்."

சின்னையா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். கட்சிக்காரர்கள் யாரும் நிற்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கட்சி ஜெயிச்சிருச்சு தம்பி. இவன் மீசை தப்பட்டும்னு நான் இவன் சின்னத்துல குத்திட்டு வந்துட்டேனே."