தீனா சொன்னா சரி

"மயிலு தலைகீழா தொங்கும் மொதலாளி," என்றாள் கீதா.

பரசுராமன் முதலாளியின் காதில் அது விழவில்லை. கம்ப்யூட்டர் திரையில் புது முந்தானை டிசைனை ரசித்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய மயில்கள் இரண்டு, நிமிர்ந்து, ராஜா மாதிரி நின்றன.

"இதையே தறிக்கு அனுப்பிடலாம். முள்ளிப்பட்டுல பத்து தறி காலியா கீது," என்றார்.

கீதா விடவில்லை. "இதுல பாத்தா நிமிர்ந்துதான் நிக்கும். பொடவைய கட்டி முந்தானைய தோள்ல போட்டா, முதுகுப் பக்கம் ரெண்டும் தலைகீழா தொங்கும். மயிலு காலு முந்தானை ஓரத்தப் பாத்து இருக்கணும்."

"ஏம்மா, டீக்கடைக்குப் போன் போட்டு மூணு காபி சொல்லேன்," என்றார் முதலாளி.

பக்கத்து நாற்காலியில் இருந்த தீனா தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மொதலாளி, தோள்ல போட்டா மயிலு தலைகீழா தொங்கும்."

முதலாளி மேஜையைத் தட்டினார். "பாத்தியா, இதுக்குத்தான் ஒரு ஆம்பள கண்ணு வேணும்ங்கறது. ஜல்தியா மாத்து."

தீனா பிறந்ததிலிருந்து புடவை கட்டியவனில்லை. அந்த அறையில் தினமும் புடவை கட்டுகிற ஒரே ஆள், காபிக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

இது இன்று நேற்று நடப்பதில்லை. ஆரணிக்குக் கம்ப்யூட்டர் டிசைன் வந்த புதிதிலேயே அந்தப் பட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் கீதா. ஐந்து வருஷ சர்வீஸ். ஒன்றரை வருஷம் முன்பு வந்த தீனாவுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அவள் சொல்வாள், காற்றோடு போகும். அதையே தீனா சொல்வான், தறிக்குப் போகும். முதலில் தீனாவுக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம், வெளியே சொல்ல வெட்கம்தான், பிடித்தும் போய்விட்டது.

இப்போது சங்கதி கொஞ்சம் பெரிசு. டிசைன் பிரிவுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போகிறார் முதலாளி. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பெயரைச் சொல்லுவார் என்று பேச்சு. அந்த நாற்காலி தனக்குத்தான் என்று கீதா நம்பிக்கொண்டிருந்தாள். நியாயமும் அதுதான்.

புதன்கிழமை சென்னையிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் சம்பந்தம் வந்தார். கல்யாண சீசனுக்குப் பெரிய ஆர்டர். டிசைன்களை மேஜையில் பரப்பினார்கள்.

"இந்த பார்டர் எப்படி?" என்றார் சம்பந்தம்.

"தீனா, சொல்லுப்பா," என்றார் முதலாளி பெருமையாக.

தீனா வழக்கம்போல் கீதாவைப் பார்த்தான். அவள் வாய் திறந்தால்தானே இவன் திறக்க முடியும்? கீதா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீனா கனைத்தான். மறுபடியும் கனைத்தான். "பார்டரு... பார்டரு நல்லா கீதுங்க," என்றான்.

"அது எனக்கும் தெரியுது தம்பி. கட்டினா மடிப்பு நிக்குமா?"

தீனாவுக்கு வேர்த்துக்கொட்டியது. சம்பந்தம் இரண்டு நிமிஷம் பார்த்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முதலாளிக்குக் கோபம் வரவேண்டும், இல்லையா? வரவில்லை. "புள்ளைக்கு உடம்பு முடியல போலக்கீது. மூஞ்சே பேஜாரா இருக்குது. ஒரு சோடா வாங்கியாந்து குடும்மா," என்றார் கீதாவிடம்.

சோடாவை வாங்கிக்கொண்டே தீனா மெதுவாகக் கேட்டான். "ஏன்க்கா, ஒண்ணுமே சொல்லாம உக்காந்துகினு இருந்தீங்க?"

"நான் என்னிக்குப்பா சொல்லிக்கீறேன்? எல்லாம் நீ சொன்னதுதானே," என்றாள் கீதா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தீனாவுக்கு அவமானமாக இருந்தது. இன்னொருத்தி மூளையில் தான் பேர் வாங்கிக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. ஒரு நாள் முழுக்க யோசித்தான். வெள்ளிக்கிழமை காலை, பூஜைக்கு முன்பாகவே, முதலாளியின் அறைக்குள் போனான்.

"மொதலாளி, ஒரு உண்மைய சொல்லிடறேன். மயிலு, தீவாளிக்குப் போட்ட பார்டரு, இதுவரைக்கும் நான் சொன்ன அத்தினியும் கீதாக்கா சொன்னதுதான். நான் திருப்பிச் சொன்னதோட சரி. இன்சார்ஜா அவங்களத்தான் போடணும்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. தீனாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

அவர் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டார்.

"கைக்கு வர்ற பதவிய அடுத்தவங்களுக்கு வுட்டுக்குடுக்க எத்தினி பேருக்குப்பா மனசு வரும்? இந்தப் பெருந்தன்மைதான் இன்சார்ஜுக்கு வேணும். நீதான் இன்சார்ஜ்."

"ஐயோ, நான் இன்னா சொல்ல வர்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். போ, அந்தப் பொண்ண பூஜைக்கு எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு."

தீனா வெளியே வந்தான். கீதா சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னான்.

"எல்லாம் உங்க டிசைன்தான்னு சொல்லிட்டேன்க்கா. அதுக்கு அவரு, எனக்குப் பெருந்தன்மைன்னு..."

கீதா மிச்சப் பூவையும் வைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அதையும் நேத்தே நான் சொல்லிட்டேன் தீனா. எல்லாம் என் டிசைன்தான்னு. ‘பொறாமைப்படக் கூடாதும்மா’ன்னாரு."