பதிமூன்றுக்கு அடுத்த அளவு

“செத்துப்போன பிள்ளையோட ஷூ அளவை வாங்கிட்டு வந்து என்ன பண்ணப் போற?” என்றான் கணவன்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“கம்பெனிக்காரன் அவன் வியாபாரத்துக்காக ஏதோ எழுதி வச்சிருப்பான். அதைப் போய் நோண்டிக்கிட்டு. விட்டுத் தள்ளு.”

“உங்களுக்கு விட்டுத் தள்ள வரும். எனக்கு வரலை.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எப்போதும் அப்படித்தான். பிள்ளை போன வாரமே பொம்மை, சட்டை, மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. “அந்த மனுஷனுக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல கல்லுதான் இருக்கு” என்று அக்கா சொன்னபோது அவள் மறுக்கவில்லை.

குழந்தைகளுக்கு ஷூ விற்கும் கம்பெனி அது. முதல் ஜோடி வாங்கியபோதே அவள் பெயரில் ஓர் அட்டை கொடுத்தார்கள். பிள்ளையின் பிறந்த தேதி, கால் அளவு எல்லாம் கேட்டார்கள். செல்லப் பெயர் என்ற இடத்தில் ‘வாலு’ என்று எழுதினாள். பொருத்தமான பெயர்தான். அளவெடுக்கக் காலை நீட்டச் சொன்னால், கடைப்பெண்ணின் மடியை மிதித்துவிட்டு ஓடுவான்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் போனுக்கு வாழ்த்து வரும்.

ஐந்து வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டான். கம்பெனிக்கு அது தெரியாது. அடுத்த பிறந்தநாள் காலையில் வழக்கம்போல் வாழ்த்து வந்தது. ‘வாலுவுக்கு இன்று ஆறு வயது. கால் பன்னிரண்டாம் அளவுக்கு வளர்ந்திருக்குமே? அழைத்து வாருங்கள்.’

அன்று முழுவதும் சமையலறைத் தரையில் கிடந்து அழுதாள். அழுது முடித்தபின் ஒன்று புரிந்தது. உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் அவன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

ஏழாவது பிறந்தநாளுக்குப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. போன மாதம் எட்டாவது பிறந்தநாள். அதற்கும் வரவில்லை.

அங்கேயும் அழித்துவிட்டார்களா?

‘என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவல் அத்தனையும் வேண்டும்’ என்று எழுதிப் போட்டாள். கேட்டால் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டுமாம். நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்று அழைத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் இருந்த பெண் கவரை உடனே கொடுத்துவிடவில்லை.

“தப்பா நினைக்காதீங்க மேடம். இது மாதிரி யாரும் கேட்டதே இல்லை. எங்க மேனேஜர் காலையிலிருந்து காபி கூடக் குடிக்கலை. வழக்கு ஏதாவது போடப் போறீங்களா?”

“இல்லைம்மா. அதுல என் பையன் இருக்கானான்னு பார்க்கணும். அவ்வளவுதான்.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“இருக்காரே மேடம். மூணாம் பக்கம்.”

அவள் கவரை வாங்கிக்கொண்டாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தாள்.

வாலு. பிறந்த தேதி. வாங்கிய அளவுகள்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பதினொன்று.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்குக் கீழே பன்னிரண்டு. அதற்கும் கீழே பதிமூன்று. கடைசியாக, போன மாதத் தேதியில், அளவு ஒன்று.

வேறு யார் வீட்டுக் குழந்தையையோ இதில் கலந்துவிட்டார்கள். கேட்டுவிடலாம் என்று எழுந்தவள், பக்கத்தின் அடியில் இருந்ததைப் படித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பிறந்தநாள் வாழ்த்து போகும் போன் நம்பர் மாற்றப்பட்டிருந்தது. புது நம்பர் அவளுக்கு மனப்பாடம். கணவனுடையது.

பக்கத்தில் கடை ஊழியர் யாரோ காரணம் எழுதியிருந்தார்: ‘மனைவி பார்த்தால் அழுகிறாராம். இனிமேல் தனக்கு மட்டும் அனுப்பச் சொல்கிறார்.’

வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் படித்தான். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த பழைய சூட்கேஸை இறக்கினான். அதில் அவனுடைய சான்றிதழ்கள் இருப்பதாகத்தான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மூன்று அட்டைப் பெட்டிகள். உள்ளே ஷூவைச் சுற்றிய காகிதம் கூடக் கசங்கவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.”

“நீ கொஞ்சம் கொஞ்சமா தேறிட்டு வர்றேன்னு நினைச்சேன். அதைக் கெடுக்க வேணாம்னு இருந்தேன்.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது ஜோடிதான் இருப்பதிலேயே பெரியது. திருப்பிப் பார்த்தாள். அடியில் ‘1’ என்று போட்டிருந்தது.

“இதுல மட்டும் ஏன் ஒண்ணுன்னு போட்டிருக்கு? பதினாலுதானே வரணும்? மாத்திக் குடுத்துட்டாங்களா?”

“மாத்தலை. நானும் கடையில இதையேதான் கேட்டேன்.”

அவன் அந்த ஷூவை அவள் கையிலிருந்து வாங்கினான். அவன் குரல் உடைந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பதிமூணோட சின்னக் குழந்தைங்க அளவு முடிஞ்சிடுதாம். அதுக்கு மேல மறுபடியும் ஒண்ணுல ஆரம்பிக்குமாம். நம்ம வாலு பெரிய பையன் ஆயிட்டான்.”