சாப்பிடாத முயல்

மனித குலத்தின் மிகப் பெரிய பலவீனம் துணை தேடுவதுதான் என்று வளர்க்க ஒரு முயல் கேட்டு வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அறிவித்தார். முயல் காப்பகத்தில் அதைக் கேட்க நானும் நாற்பது முயல்களும் மட்டுமே இருந்தோம்.

“எனக்கு ஒண்ணு போதும் தம்பி.”

“இது ரெண்டையும் ஒரே அட்டைப்பெட்டியில வச்சு தெருவுல விட்டுட்டுப் போயிட்டாங்க சார். பிரிச்சா சாப்பிடாது.”

“சாப்பிடக்கூட ஆள் துணையா? நல்ல கூத்து!”

சிரித்துக்கொண்டே இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். காப்பக விதியைச் சொன்னேன்: தினமும் மதியம் ஒரு மணிக்கு நான் போன் செய்வேன், இரண்டும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன்.

“முயல் சாப்பிட்டுச்சான்னு கேக்க ஒரு ஆளு! நாடு உருப்படும்.”

மறுநாள் போன் செய்தேன்.

“ஒண்ணு சாப்பிடுது. இன்னொண்ணு தொடவே இல்லை” என்றார். பிறகு வெயில், அரசியல், முழங்கால் வலி என்று அரை மணி நேரம் பேசினார். அடுத்த நாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும்.

மூன்று வாரம் பட்டினி கிடந்தும் உயிரோடிருக்கும் முயலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று, ஒரு மணிக்கு நேரிலேயே போய் நின்றேன்.

இரண்டும் பூசணிக்காய் போல உருண்டிருந்தன. போட்டி போட்டுக்கொண்டு புல்லை மென்றன. மேசையில் போன் இருந்தது. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, மூடியபடி.

“ரெண்டும் நல்லாத்தானே சாப்பிடுது சார்?”

எதிர் நாற்காலியில் குவிந்திருந்த பழைய செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தார்.

“உக்காரு தம்பி.”

உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் அவர் தட்டைத் திறந்தார்.