அலகு அளவு

ஏரியில் மீன் குறைந்துபோனதால் பறவைகள் கருவேல மரத்தில் கூட்டம் போட்டன.

“ஏதாவது கட்டுப்பாடு வேணும்” என்று முதலில் குரல் கொடுத்தது மீன்கொத்திதான். குளிர்காலத்தில் பொழுதுபோக்க வந்திறங்கும் கூழைக்கடாக்கள் மேல் அதற்கு ரொம்ப நாளாக எரிச்சல்.

நீர்க்காகம் தொண்டையைச் செருமியது. தண்ணீருக்குள் முங்கி, மீன் எங்கே இருக்கிறதென்று கூழைக்கடாக்களுக்கு வழிகாட்டுவதுதான் அதன் பிழைப்பு.

“நியாயமான பேச்சு! அவங்கவங்க அலகைவிட நீளமான மீனை யாரும் பிடிக்கக் கூடாது. விருந்தாளிக்கும் நமக்கும் ஒரே சட்டம். சரிதானே?”

உடம்புக்கு மீறிய தன் அலகைப் பற்றி மீன்கொத்திக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு. சம்மதமென்று முதலில் சிறகைத் தூக்கியதும் அதுவே.

மறுநாள் காலை அது ஒரு கெண்டையோடு கிளைக்கு வந்தது. நீர்க்காகம் அருகில் வந்து அளந்து பார்த்தது.

“ஒரு நெல்லு நீளம் கூடுதல் அண்ணே. விட்டுடுங்க.”

எதிரே ஒரு கூழைக்கடா, முழங்கை நீள விராலைச் சட்டப்படி விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து நழுவிய இன்னொரு மீனை நீர்க்காகம் லபக்கென்று கவ்வி உள்ளே தள்ளியது.

“அது உன் அலகைவிட நீளமாச்சே!” என்று கத்தியது மீன்கொத்தி.

“நான் எங்கே அண்ணே பிடிச்சேன்? வழிதானே காட்டினேன்!”



அடுத்த வாரம் புதிய கூழைக்கடாக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. எல்லோருக்கும் முந்திப் பறந்துபோய் வரவேற்றது மீன்கொத்தி.

“வாங்க சார், வாங்க! விரால் இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும்!”