தானே குத்திக்கொண்ட குண்டூசி

ஒரு கணினியின் நினைவகத்தில், தகவல்களைத் தாங்கும் தாள்கள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தன. வேலை முடிந்த தாளைத் துடைத்து, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பது, கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னலின் பொறுப்பு. ‘வேலை நடக்கிறது, எடுக்காதே’ என்று குண்டூசி குத்திய தாளை மட்டும் அது தொடாது. ஊசியைக் குத்திவைத்த கேமரா அந்த இடத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு படத்தைக் கொட்டும். இடம் கைமாறினால் வேறு யார் தலையிலாவது விழும்.

மூலைத் தாளில் அப்படியொரு ஊசி இருந்தது. ஒருநாள் கேமரா வேலையை முடித்து, ஊசியை உருவிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. தாள் சுற்றுமுற்றும் பார்த்தது. ஊசியை எடுத்துத் தன் ஓரத்தில் வலிக்காமல் செருகிக்கொண்டது. துடைத்துவிடுவார்களே என்ற பயம்தான், வேறென்ன!

பிறகு பெரிய படம் ஒன்று வந்து இடம் கேட்டது. எங்கும் இடமில்லை. கெர்னல் மூலைக்கு வந்தது.

"இன்னும் வேலை இருக்காம்மா?"

தாள் ஊசியைக் காட்டியது. கெர்னல் அதை நம்பி, பக்கத்திலிருந்த பாட்டுத் தாளிடம் திரும்பியது.

"பாட்டு பாதியில இருக்குன்னு தெரியுது. ஆனா உன்னை விட்டா எனக்கு வேற வழியில்ல."

பாட்டுத் தாள் சரியென்று தலையசைத்தது. போகிற நேரத்தில் மூலைத் தாளைப் பார்த்து, "பாவம், எவ்வளவு நாளா இந்த ஊசியோட இருக்கீங்க! ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டது.

மூலைத் தாள் கூனிக் குறுகிப்போனது. ஊசியைப் பிடுங்கி எறியக் கை போவதற்குள், பக்கத்துத் தாள் துடைக்கப்பட்டு, பாட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.