பூசைக்கு முன் பால்

கதவை மறித்துக்கொண்டு நின்றாள் சிலுவையம்மாள். கையில் பெரிய டம்ளர் நிறையப் பால்.

"குட்ச்சிட்டு போ."

காலைப் பூசைக்குப் புறப்பட்ட மருமகள் ரேச்சல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் குடித்தாள். காலி டம்ளரை வாங்கிய பிறகுதான் மாமியார் வழிவிட்டாள்.

பூசை என்று சொன்னால் வீட்டில் தடை இருக்காது. நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பார்த்துக்கொள்கிறவள் சிலுவையம்மாள்.

ராயபுரம் கோயில் தெரு முனையில் முக்காடு பைக்குள் போனது, ஷூ வெளியே வந்தது. அங்கிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரமாக ஓட்டம்.

துறைமுகத்தில் காவல் வேலை. எழுத்துத் தேர்வில் ரேச்சல் தேறிவிட்டாள், ஓட்டம் மட்டும் பாக்கி. கணவன் கடலோடு போன பிறகும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்ட மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காக்கியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனுஷி.

இப்போதைக்குப் பிரச்சினை பால்தான். பாதி வழியில் வயிறு கடமுடா என்றது. அன்று ஐஸ் பேக்டரி எதிரே உட்கார்ந்து அத்தனையையும் வாந்தியெடுத்தாள். ஓடப் பழக்கும் ஜெகதீசன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"பால வயித்துல ரொப்பிகினு இன்னாத்துக்கும்மா ஓட்ற? ஓடி முட்ச்சிட்டு குடி. அப்பதான் ஒடம்புல ஒட்டும், கால் வலியும் கொறயும்."

நாளை மறுநாள் ஓட்டத் தேர்வு. இப்படியே போனால் தேறுவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலிலும் கதவருகே டம்ளர் காத்திருந்தது. ரேச்சல் கையை நீட்டவில்லை.

"இப்ப வோணாம் அத்தே. வயித்த பொரட்டுது."

புருஷன் இல்லாதவள் சொல்லக்கூடாத வார்த்தை அது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. சிலுவையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றுகூட ரேச்சல் நினைத்தாள்.

மாமியார் டம்ளரைத் தட்டால் மூடி அடுப்போரம் வைத்தாள். வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"அப்ப ஓடிட்டு வந்து குடி."